ஆரஞ்சுத் தோல்

பதினோரு மணிக் குழுவில் இன்று ஒன்பது பேர்.
தேனிலவு ஜோடிகள் இரண்டு,
பள்ளி ஆசிரியைகள் மூவர்,
ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒருவர்,
எல்லோருக்கும் பின்னால், மழைக்கோட்டைக் கழற்றாமல்,
எழுபதைத் தாண்டிய ஒரு பெண்.

நாற்காலியைக் காட்டி வழக்கம்போல் ஆரம்பிக்கிறேன்.
மாகாண ஆளுநர் ஓவிடியோ லர்ரால்தே
பகலில் பரானா ஆற்றின் இரு கரையையும் ஆண்டார்.
இரவில் இங்கே உட்கார்ந்து
மனைவி செல்மிராவுக்கு ஓர் ஆரஞ்சு உரித்தார்.
ஒரே சுருளாக.
ஒரு தடவைகூட அறாமல்.
பதினேழு வருடம்.

இந்த இடத்தில் சற்று நிறுத்த வேண்டும்.
நிறுத்துகிறேன்.
யாராவது யார் கையையாவது பிடிப்பார்கள்.
பிடிக்கிறார்கள்.

நான் சொல்லாதது மாடியில் இருக்கிறது:
மூன்றாவது அலமாரி, வீட்டுச் செலவுக் கணக்கு,
செல்மிராவின் நெருக்கமான சாய்வெழுத்து.
மாவு. மண்ணெண்ணெய். தையற்காரிக்குப் பாக்கி.
தேர்தலுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை
'பத்திரிகைப் படக்காரர் கேட்டதற்கு, ஆரஞ்சு, ஒன்று.'
அதற்கு முன்னும் ஆரஞ்சு இல்லை, பின்னும் இல்லை.
புளிப்பு அவள் வயிற்றுக்கு ஆகாது என்ற
மருத்துவர் சீட்டு அதே பக்கத்தில்
குண்டூசி துருப்பிடிக்கக் குத்தியிருக்கிறது.

கைகளை எங்கே வைப்பதென்று தெரியாத மனிதர்.
எதையாவது பிடியுங்கள் ஐயா, என்றிருப்பான் படக்காரன்.
அவ்வளவுதான்.
ஒரு மாகாணமே பிடித்துக்கொண்டது.

தோல் பதனிடும் ஆலை வாசலில்
இவருடைய கையெழுத்தோடு போன உத்தரவில்
சுடப்பட்ட பதினான்கு பேரின் பெயரை
இந்த வீட்டில் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.
ஆரஞ்சு என்ன ரகம் என்று கேட்கிறார்கள்.
தொப்புள் ஆரஞ்சு, என்கிறேன்.
எப்படியோ வந்துவிடுகிறது பதில்.

தனியாக வரும் ஆண்களுக்கு வேறொரு கதை உண்டு,
தந்தி அலுவலகத்து ஒதிலியா, அவளுடைய சாம்பல்நிறக் கையுறை.
கையுறை நிஜம்.
ஒதிலியா யாரென்று எனக்குத் தெரியாது.

ஒப்புக்கொள்கிறேன், நானும் சேர்த்திருக்கிறேன்.
'ஒரே சுருளாக' என்பது என்னுடையது.
ஒரு ஜூலை மாதம், மூன்றே பேர் வந்திருந்தார்கள்,
வெளியே மழை, கதை குட்டையாகப் போய்விட்டது.
இரண்டு வருடம் கழித்து
பாடப் புத்தகத்தில் அதை வாசித்தேன்,
அடிக்குறிப்போடு.

படுக்கையறை.
கட்டில்கள் இரண்டும் எதிரெதிர்ச் சுவரோரம் இருந்தன.
நகராட்சி வாங்கியபின்
இழுத்து ஒட்டி, மேலே ஒரே விரிப்பைப் போட்டோம்.
தரையில் பழைய கால்களின் எட்டுப் பள்ளங்கள்;
அவற்றின் மேல் கம்பளம்.

மழைக்கோட்டுப் பெண் கம்பளத்தைத்தான் பார்த்தாள்.
நெடுநேரம்.
பிறகு, மற்றவர்கள் படியிறங்கும்போது, என்னிடம் கேட்டாள்:
"அவள் அதைச் சாப்பிட்டாளா?"

எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். இதை இல்லை.
குண்டூசி ஞாபகம் வந்தது.
"முழுசும்" என்றேன்.
"விதையைத் துப்ப
அவர் உள்ளங்கையை நீட்டுவார்."

தலையாட்டினாள். நான் புதிதாகச் சொன்னதை
எங்கோ பத்திரப்படுத்துவதுபோல.

வருகையாளர் ஏட்டைச் சாத்தப் போனபோதுதான் பார்த்தேன்.
ஊர் என்ற இடத்தில் ஒரு கோடு.
கருத்து என்ற இடத்தில் ஒன்றுமில்லை.
பெயர்: நெலிதா லர்ரால்தே.

ஜன்னலுக்கு ஓடினேன். எதைச் சொல்ல என்று தெரியவில்லை.
வாசலில் பழக்காரன் தார்ப்பாயை உதறிக்கொண்டிருந்தான்.
ஈர பெஞ்சில் அவள், மடியில் செய்தித்தாள்,
சின்னக் கத்தி.
தோல் பாதியில் அறுந்தது.
அறுந்ததைக் கைப்பைக்குள் போட்டாள்.
பழத்தைத் தின்னாமல் பக்கத்தில் வைத்துவிட்டு
பழக்காரனை நோக்கி
ஒரு விரலை உயர்த்தினாள்.
இன்னொன்று.